வெல்லம் கம்மியான உருண்டை

மலையுச்சியில் தீபம் ஏறிவிட்டது. தெருவெல்லாம் அகல் வெளிச்சம். கணவர் அப்பாதுரை தவறிப்போய் இன்னும் வருஷம் திரும்பாததால் உண்ணாமலை வீட்டில் மட்டும் விளக்கு வரிசையில்லை, பலகாரமில்லை. பக்கத்து வீட்டு அருணாதேவி கார்த்திகைப் பொரியுருண்டைத் தட்டோடு வந்து நிற்கிறாள். ஒரேயொரு உருண்டை வெளுத்திருக்கிறது. "அண்ணனுக்கு சுகராச்சேனு வெல்லம் கம்மியா..." என்றவள், வருஷா வருஷப் பழக்கத்தில் கை செய்துவிட்டதை உணர்ந்து கண் கலங்க வாயைப் பொத்திக்கொள்கிறாள். "அழுவாத. குடு" என்று உண்ணாமலை கை நீட்டுகிறாள். ஆடியில் கேழ்வரகுக் கூழ், மார்கழியில் மொச்சை என்று வருஷம் முழுக்க அவருக்கு வாயைக் கட்டியவள் உண்ணாமலை. அவருக்கென்று அருணா தனியாகப் பிடிக்கும் உருண்டையை ஒருநாளும் ருசி பார்த்ததில்லை. "வெல்லம் ஜாஸ்தி, உண்ணாமல" என்று ஒவ்வொரு தீபத்துக்கும் அவர் சிரிப்பார். இப்போது அவள் கடிக்கிறாள். பாகு போதாத உருண்டை உள்ளங்கையிலேயே உதிர்கிறது. வெகுநேரம் மெல்கிறாள். "தித்திப்பே இல்லியே, அருணா. இத்தினி வருஷமா பொய் சொல்லிருக்காரு உங்கண்ணன்."