அலறல் வரவில்லை

“புருஷன் பேயா வந்து கழுத்தைப் பிடிக்கிறான். நீங்க என்னமோ பால்காரரைக் கூப்பிடுற மாதிரி கத்துறீங்களேம்மா!”

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டைரக்டர் எரிந்து விழுந்தார். டப்பிங் பேச வந்தவள், திரையில் கதாநாயகியின் வாயசைவைப் பார்த்து மறுபடியும் அலறினாள். ம்ஹூம். அடிவயிற்றிலிருந்து வரவேண்டியது தொண்டையோடு நின்றுவிட்டது.

“பேய்க்கு மேக்கப் போடவே வக்கில்லாத படம்மா இது. உங்க அலறலை நம்பித்தான் எடுத்திருக்கேன். போன படத்துல நீங்க கத்தினப்ப எனக்கே குலை நடுங்குச்சு! உடம்பு சரியில்லையா? வேற ஆளைக் கூப்பிடட்டுமா?”

இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. இருந்தும் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

“உடம்புக்கு ஒண்ணுமில்ல சார். அப்போ தினமும் ஒத்திகை நடத்த வீட்டுல ஒருத்தன் இருந்தான். நேத்து கோர்ட்டுல விவாகரத்து கொடுத்துட்டாங்க.”

டைரக்டர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

“அலறலைப் போன படத்துலேர்ந்தே வெட்டி ஒட்டிக்கிறேன். கடைசியில பேய் ஒழிஞ்சதும் அவ சிரிக்கிறா பாருங்க, அதை மட்டும் குடுங்கம்மா.”

அவள் சிரித்தாள். போதும் என்று அவர் கைகாட்டிய பிறகும் சிரிப்பு நிற்கவில்லை.