உட்கார்ந்து சாப்பிடும் ஜாதகம்

"போன ஜென்மத்துல மாடா உழைச்சிருக்கேன். இந்த ஜென்மத்துல உட்கார்ந்து சாப்பிடணும்னு ஜாதகத்துலயே இருக்கு." சோபாவில் சாய்ந்து, தரையில் கால் நீட்டியபடி அண்ணன் சொன்னான்.

"நான் போன ஜென்மத்துல துரும்பைக்கூடக் கிள்ளிப் போடலையாம். அனுபவிக்கிறேன். காலைத் தூக்கு அண்ணா," என்றபடி தங்கை பெருக்கினாள்.

வரன் விஷயமாக வந்திருந்த ஜோசியர் இரண்டு ஜாதகங்களையும் புரட்டினார். "பலனெல்லாம் சரிதான். ஆனா ரெண்டுலயும் பேரே இல்லையே?"

"பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கினது," என்றார் அப்பா. "ரெட்டைப் பிள்ளைங்க. இருபது நிமிஷம்தான் வித்தியாசம். முந்தின நேரம் போட்டது பையனோடது."

"நீங்க கூட இருந்தீங்களா?"

"வெளியூர்ல இருந்தேன். மூத்தது பையனாத்தானே இருக்கும்?"

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "முதல்ல பொறந்தது இவதான். அன்னைக்கே தலையில அடிச்சுக்கிட்டேன். யாரு காதுல வாங்கினீங்க?"

ஜோசியர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ உட்கார்ந்து சாப்பிட வேண்டியது பொண்ணுதான்."

அவள் துடைப்பத்தை அவன் மடியில் வைத்துவிட்டு, சோபாவில் சாய்ந்து காலை நீட்டினாள்.

"தம்பி, பெருக்கி முடிச்சுட்டு அக்காவுக்கு ஒரு டீ போடு."