பக்கத்து வீடு இல்லாத படம்

"படத்துல அந்தச் சுவர் விரிசலை அழிக்காதே தம்பி. இருக்கிறது இருக்கிறபடியே வரட்டும்."

பிரேமாவதி அக்கா சொன்னதும், மடிக்கணினியில் ஜெயகுமாரின் விரல் நின்றது.

பீடோங்கில் இருக்கும் தன் வீட்டை, பயணிகள் வாடகைக்குத் தங்கும் ஹோம்ஸ்டேயாக விடப்போகிறார் அக்கா. இணையத்தில் போடப் படம் எடுக்க, சுங்கை பட்டாணியிலிருந்து வந்திருந்தான் அவன்.

"விரிசல் தெரிஞ்சா யாருக்கா வருவாங்க?"

"வந்து பார்த்து முகம் சுளிக்கிறதுக்கு, வராமலே இருக்கட்டும் லா. பாத்ரூம் படி உயரமா இருக்கே, அதையும் எடுத்தியா? வயசானவங்களைக் கூட்டிட்டு வர்றவங்களுக்குத் தெரியணும்."

ஜெயகுமாருக்கு அக்காவைப் பிடித்துப்போனது. மற்றவர்கள் எல்லாம் அறையைப் பெரிதாக்கு, புல்லைப் பச்சையாக்கு என்றுதான் நச்சரிப்பார்கள்.

கடைசியாக வாசல் படத்தைத் திறந்தான். ஓரத்தில் பக்கத்து வீடும் விழுந்திருந்தது. துருப்பிடித்த தகரக் கூரை. கொடியில் துணி காயப்போடும் ஒரு பெண். அவள் பாவாடையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பிள்ளை.

அக்காவின் முகம் மாறியது.

"ஐயோ, அவங்களை அழிச்சிடு. அந்த வீடும் தெரியக் கூடாது."

"ஏன்கா? இருக்கிறதுதானே?"

"சொன்னா கேளு தம்பி. அழிச்சிடு."

அவனுக்குச் சுருக்கென்றது. சற்று முன்தான் அந்தப் பெண் வேலிக்கு மேலாக அவனுக்குத் தேத்தண்ணி நீட்டியிருந்தாள்.

"விரிசலைக் காட்டலாம், ஏழைங்களைக் காட்டக் கூடாதா? பக்கத்துல இவங்க இருக்கிறது உங்களுக்கு மரியாதைக் குறைச்சலா?"

அக்கா திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தார்.

"எங்கம்மாவும் சுங்கை லாலாங் பக்கம் ரப்பர் தோட்டத்துல கூலிக்குப் பால்மரம் வெட்டினவங்கதான். இந்த வேலை எனக்கு வேணாம். வேற ஆளைப் பாருங்க."

மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தான்.

அக்கா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"வெளியே சொல்லிடாதே தம்பி. அந்தப் பொண்ணு வாசுகி, ஜித்ராவுல புருஷன் அடி தாங்காம பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தவ. நான்தான் அந்த வீட்டுல தங்க வச்சிருக்கேன். அவன் இன்னும் தேடிக்கிட்டிருக்கான். இந்தப் படம் அவன் கண்ணுல பட்டுட்டா?"

ஜெயகுமார் பையைத் திறந்தான். வாசலில் எடுத்த படங்கள் அத்தனையையும் அழித்துவிட்டு, கேமராவோடு மறுபடி வெளியே போனான்.