மற்றப் பாதி

"இரத்ததான முகாமிலை இரத்தக்காட்டேறிப் படமோ? பிள்ளை, உனக்கென்ன விசரே?"

தில்லைநாதன் கேட்ட கேள்விக்கு நிவேதனா சிரித்தாள். உரும்பிராயில் அந்தச் சனசமூக நிலையத்துக்குப் பதினேழு வருடமாக அவர்தான் தலைவர். அவளோ அங்குள்ள வாசிகசாலையைக் கவனிக்க எட்டு மாதத்துக்கு முன் உடுவிலில் இருந்து வந்தவள்.

"போன வருசம் எத்தினை பேர் இரத்தம் குடுத்தவை, ஐயா?"

"ஒன்பது."

"உங்களையும் சேர்த்தோ?"

அவருக்குச் சுருக்கென்றது. இந்த முறை முப்பது பேராவது சேராவிட்டால் முகாம் அடுத்த வருடம் கோப்பாய்க்குப் போய்விடும். கோப்பாய்க்காரர் அதற்காகவே காத்துக்கொண்டு நிற்கிறார்கள். பிறகு அவர் எந்த முகத்தோடு சந்தைக்குப் போவது?

"பக்திப் படம் ஒண்டு போடுவமே?"

"அதுக்கு ஆர் வருவினம்? இஞ்சை பாருங்கோ." அலுமாரியில் இருந்து ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தை எடுத்து வைத்தாள். அட்டை போய், பக்கமெல்லாம் பசை போட்டு ஒட்டியிருந்தது. "ஆயிரத்து எண்ணூறு புத்தகத்திலை வாசிச்சே கிழிஞ்சது இது ஒண்டுதான். தகப்பன்மார் வாசிச்சவை, இப்ப பிள்ளையள் வாசிக்கினம். இதிலையிருந்து எடுத்த படம்தான் அது. வந்து இருபது வருசமாச்சு, இன்னும் ஆராவது ஃபோனிலை பார்த்துக்கொண்டுதான் இருக்கினம்."

"அப்பிடி என்ன கிடக்கு உதிலை? ஒற்றைக்கண்ணன் ஒருத்தன் ரெண்டு கோடாலியோடை திரியிறான். காணுற காட்டேறியையெல்லாம் கொத்துறான். தலை ஒரு பக்கம், முண்டம் ஒரு பக்கம்."

"அப்ப நீங்களும் பார்த்திருக்கிறியள்!"

தில்லைநாதன் தொண்டையைச் செருமினார். "மூண்டு தரம்."

"அலுத்ததே?"

அவர் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

"அலுக்காது ஐயா. பசியோடை ஒண்டு வருது. விடியுமட்டும் தாக்குப்பிடிச்சால் உயிர் மிஞ்சும். உயிர் மிஞ்சிற கதை ஒருநாளும் பழசாகாது."

அவளுடைய திட்டம் இதுதான். முதல் பாதி மண்டபத்தில் எல்லாருக்கும். ஒற்றைக்கண்ணன் பாழ்கிணற்றுக்குள் விழுந்து, மேலே காட்டேறிகள் சுற்றி நிற்கும் இடத்தில் நிறுத்திவிடுவது. இரத்தம் கொடுத்தவர்கள் எப்படியும் மைலோ குடித்துச் சற்றுநேரம் இருக்கவேண்டும்தானே? அந்த அறையில் மற்றப் பாதி, திரும்பத் திரும்ப.

"கட்டாயமில்லை. வீட்டை போய் ஃபோனிலையும் பார்க்கலாம். ஆனா அவனைக் கிணத்துக்கை விட்டிட்டுப் போக ஒருத்தருக்கும் மனம் வராது, பாருங்கோவன்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மண்டபத்தில் நிற்க இடமில்லை. கோடாலி விழ விழ விசில். ஒற்றைக்கண்ணன் பேசமுன்னமே சனம் அவன் வசனத்தைப் பேசியது. கிணற்றடியில் திரை இருண்டதும் கூரை அதிர ஒரு கூச்சல்.

நிவேதனா ஒலிவாங்கியைப் பிடித்தாள். "மற்றப் பாதி அடுத்த அறையிலை! போற வழியிலை நாலு கட்டில் கிடக்கு!"

உதைபந்தாட்டக் கப்டன் கேதீஸ்வரன்தான் சிரித்துக்கொண்டு முதலில் எழும்பினான். அவனுக்குப் பின்னால் வரிசை வாசல் படலை வரைக்கும் போனது. கட்டிலில் படுத்திருந்தவர்கள் கையில் ஊசியோடு அடுத்த அறைக்குக் குரல் கொடுத்தார்கள்.

"டேய், கிணத்தாலை ஏறிட்டானே?"

"பேசாமல் கிட! வந்து பார்!"

இரண்டு மணிக்கு ஐம்பத்துமூன்று பைகள். கோப்பாய்க்கு ஃபோன் எடுத்துச் சொல்லவேண்டும் போல தில்லைநாதனுக்குக் கை துறுதுறுத்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கேதீஸ்வரன், முழங்கையில் பஞ்சோடு வந்து சத்தமாகக் கேட்டான்.

"அக்கா, ஊர்ச்சனம் முழுக்கக் கட்டிலிலை கிடத்தினியள். உங்கடை கையிலை மட்டும் பஞ்சைக் காணேல்லை! ஒரு சொட்டுத் தன்னும் குடுக்காமல் எங்கடையை மட்டும் எடுத்தால், நீங்கள்தானே அசல் காட்டேறி?"

எல்லாரும் சிரித்தார்கள். நிவேதனாவும் சிரித்தாள். "கண்டுபிடிச்சிட்டீர் தம்பி. வெளியிலை சொல்லிப்போடாதையும்."

தில்லைநாதனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பாவம், வெளிறின முகமும் மெலிந்த கையுமாய் ஒரு பிள்ளை. மூன்று கிழமைக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை லீவு எடுப்பாள். தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனுக்கு விரதம் என்று அவரே கண்டுபிடித்து, இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையோ என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். இப்போது அந்தப் பிள்ளைக்கு ஒரு கெட்ட பெயர் வரலாமா? ஊசிக்குப் பயமென்றால் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு அவளைத் தேடிப் போனார்.

ஆஸ்பத்திரி வாகனத்தடியில், தாதி செபஸ்தியம்மாவுக்குக் கடைசிப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டு நின்றாள் அவள். அவர் பின்னால் வந்ததைக் காணாத செபஸ்தியம்மா, அவளுடைய கன்னத்தைத் தடவினாள்.

"வாற வெள்ளி நேரத்தோடை வந்து கட்டிலைப் பிடி மோனை. போன முறை மாதிரி ஒரு பையோடை நிப்பாட்டமாட்டம். இந்தமுறை உனக்கு ஏத்திறதுக்கு இரத்தத்துக்குப் பஞ்சமில்லை."

திரும்பிய நிவேதனா தில்லைநாதனைக் கண்டாள்.

"சந்நிதி விரதமெண்டது நீங்கள், ஐயா. கேதீஸ் தம்பி சொன்னதுதான் சரி."