திறந்து கிடந்த பட்டியல்

"மூடாத! மவுஸ்லேருந்து கையை எடு, யானிரிஸ்!"

ஃபவுஸ்தோ காப்பிக் கோப்பையோடு மேசையைச் சுற்றி ஓடி வருவதற்குள் யானிரிஸ் மூடிவிட்டாள். திரையில் மஞ்சள் கட்சியின் சின்னம் கண் எதிரே மறைந்தது.

மேயர் தேர்தலுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. எங்கள் ஊரில் பச்சைக் கட்சியும் மஞ்சள் கட்சியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டாலும், வாக்காளர் பட்டியலைத் தலைநகரில் ஒரே கம்பெனியிடம்தான் கொடுத்து வைத்திருந்தன. அங்கே யார் எதைத் தட்டித் தொலைத்தார்களோ தெரியாது. அன்று காலை பச்சைக் கட்சி அலுவலகத்தில், தேர்தல் வேலைக்கு வந்திருந்த யானிரிஸ் கடவுச்சொல்லைப் போட்டதும் எதிராளியின் பட்டியல் திறந்துகொண்டது. குடும்பப் பெயர் வரிசையில், யார் உறுதியான ஓட்டு, யார் ஊசலாட்டம், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஆள் ஆளாகக் குறிப்பு எழுதியிருந்தது.

"எவ்வளவு பார்த்த?" என்றான் ஃபவுஸ்தோ. பிரசாரப் பொறுப்பு முழுவதும் அவன் கையில்தான்.

"முதல் பக்கம் மட்டும்."

"அடிப்பாவி! போன தடவை நாப்பத்தொரு ஓட்டுல மண்ணைக் கவ்வினோம். தானா வந்த அதிர்ஷ்டத்தைக் காலால எட்டி உதைக்கிறியே! மறுபடியும் திற."

யானிரிஸ் போனை எடுத்து அந்தக் கம்பெனிக்கே பேசினாள். "எங்க கதவுல அடுத்தவங்க வீடு திறக்குது. உடனே பூட்டுங்க."

அவள் போனை வைப்பதற்குள் அங்கே பூட்டிவிட்டார்கள். ஃபவுஸ்தோ காப்பிக் கோப்பையை டக்கென்று மேசையில் வைத்தான். "உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

"நம்ம பட்டியல்லயும் யார் வீட்ல என்ன நோய், யாருக்கு என்ன வேலை தர்றதா சொன்னோம்னு எல்லாம் இருக்கு. அதை டீச்சர் பிரிஹிதா உக்காந்து படிச்சா உங்களுக்கு இனிக்குமா?"

மஞ்சள் கட்சி வேட்பாளர் பிரிஹிதா. முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பெயரைக் கேட்டாலே ஃபவுஸ்தோவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நேரத்தில் பச்சைக் கட்சி வேட்பாளர் எலிஹியோ, ஊர் மரியாதையில் 'தோன்' எலிஹியோ, உள்ளே வந்தார். பின்னாலேயே, தினமும் பத்து மணிக்கு வருவதுபோல, கறி அடைத்துப் பொரித்த எம்பனாடாத் தட்டோடு அவர் மனைவி, ஊருக்குத் 'தோன்யா' மிலாக்ரோஸ். ஃபவுஸ்தோ நடந்ததை மூச்சு விடாமல் சொன்னான். மஞ்சள் கட்சிப் பட்டியல் என்றதும் மிலாக்ரோஸ் கையிலிருந்த தட்டு சாய்ந்து ஓர் எம்பனாடா தரையில் விழுந்தது.

"விடு மிலா, நாய் தின்னட்டும்" என்றார் தோன் எலிஹியோ. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு யானிரிஸ் எதிரே உட்கார்ந்தார். கோபப்படவில்லை. அதுதான் அவர் சாமர்த்தியம்.

"இங்க பாரு மகளே. ஜெயிச்சதும் நகராட்சிப் பதிவு அறையில உனக்கு ஒரு நாற்காலின்னு சொல்லியிருக்கேன்ல? ரெண்டு வருஷமா வேலை தேடி உன் செருப்பு தேஞ்சது எனக்குத் தெரியும். எனக்குப் பட்டியல் வேண்டாம். ஒரே ஒரு பேர் சொல்லு. நம்மகூட உக்காந்து தின்னுட்டு அங்க ஓட்டுப் போடப்போற ஆளு எவன்?"

"சொல்ல மாட்டேன், தோன் எலிஹியோ."

"அப்ப எவனோ இருக்கான்!" ஃபவுஸ்தோ துள்ளினான்.

"இருந்தாலும் சொல்ல மாட்டேன், இல்லேன்னாலும் சொல்ல மாட்டேன். ஓட்டுப் போடுற இடத்துல எதுக்கு மறைப்பு வெச்சிருக்காங்க? அவங்கவங்க மனசு அவங்கவங்களோட."

"நீ எந்தக் கட்சிடி?" என்றான் ஃபவுஸ்தோ.

"பச்சை. ஞாயித்துக்கிழமை உங்களுக்குத்தான் போடுவேன்."

"பிள்ளை சொல்றதுல என்ன தப்பு? விட்டுடுங்களேன்" என்றாள் மிலாக்ரோஸ், குரல் எழும்பாமல்.

"உனக்கு அரசியல் தெரியாது, மிலா." தோன் எலிஹியோ எழுந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது. "கடைசியாக் கேக்கறேன். பேரா, நாற்காலியா?"

எங்கள் ஊரில் மேயர்கூட ஆகிவிடலாம், நகராட்சியில் நிரந்தர வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. யானிரிஸ் ஒரு கணம்தான் யோசித்தாள். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து சீப்பையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அழுகை வந்தது. அழவில்லை. அப்படி ஒரு நெஞ்சுரம் எங்கள் அரசியல்வாதி எவனிடமும் நான் கண்டதில்லை.

வாசலில் மிலாக்ரோஸ் ஓடிவந்து அவள் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தைத் திணித்தாள். நான்கு எம்பனாடா, இன்னும் சூடாக.

"வெறும் வயித்தோட போகாத, மகளே." பொட்டலத்தைக் கொடுத்த பிறகும் கையை விடவில்லை. "முதல் பக்கத்துல... நிறைய பேர் இருந்தாங்களா?"

"எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல, தோன்யா மிலாக்ரோஸ்."

அந்த அம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். உள்ளே தோன் எலிஹியோ, "மிலா, காப்பி எங்கே?" என்று கூப்பிட்டார்.

தெருமுனையில் பஸ்ஸுக்கு நின்றபோது யானிரிஸ் ஓர் எம்பனாடாவைக் கடித்தாள். அந்த முதல் பக்கத்தின் நான்காவது வரி, எழுத்துக்கு எழுத்து, அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது: 'அப்ரேயு, மிலாக்ரோஸ். உறுதியான ஓட்டு. வீட்டுக்குப் போன் செய்யக் கூடாது. கணவர் பச்சைக் கட்சி வேட்பாளர்.'