சிவக்காத டம்ளர்

விஷத்தண்ணீர் பட்டால் சிவந்துவிடும் டம்ளர்கள் பொற்கொடியின் ஊரில் வீட்டுக்கு வீடு வந்த பிறகு, விருந்தாளிகள் அங்கே தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். மகளின் மாமியார் கோமளவல்லி பாட்டிலோடுதான் வருவார். “எங்க ஊர்த் தண்ணிக்கு டம்ளரே வேணாம்” என்று அண்ணாந்து குடிப்பார்.

ஆய்வுக்கூடத்தில் பாதி ஆயுள் மல்லுக்கட்டி ஊர்த் தண்ணீரைச் சுத்தமாக்கிய பொற்கொடி, இன்று குழாயைத் திறந்து டம்ளரை நிரப்பி நீட்டினாள். நிறம் மாறவில்லை.

“டம்ளர் கெட்டுப்போச்சு போல” என்ற கோமளவல்லி, அதைக் கொட்டிவிட்டுத் தன் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். டம்ளர் குங்குமமாய்ச் சிவந்தது.

பொற்கொடி டம்ளரைக் கழுவி, மறுபடி குழாயில் பிடித்துக் கொடுத்தாள். கோமளவல்லி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பாட்டிலைக் கவிழ்த்துக் காலிசெய்து நீட்டினார்.

“இதுலயும் புடிச்சுக் குடுங்க சம்பந்தி. அப்படியே எங்க ஊருக்கும் ஒரு எட்டு வந்து பாருங்க.”