கஞ்சிக்கு இன்னொருவர்

பல்கலைக்கழக விடுதியின் சாப்பாட்டு இயந்திரம் ஆளையும் பெயரையும் பார்த்து, அவரவர் மொழியில் பேசி, அவரவர் ஊர்ச் சாப்பாட்டைக் கொடுக்கும். காயல்பட்டினத்து முத்து மொகுதூமைப் பார்த்துத்தான் அது முதல் நாளே குழம்பிப்போனது. முத்து என்றால் தமிழன், சாம்பார் சாதம். மொகுதூம் என்றால் முஸ்லிம், ஹலீம்; கூடவே உருதுப் பேச்சு. அவனுக்கு உருதுவில் ஒரு வார்த்தை தெரியாது.

ரமலான் பிறந்ததும் நோன்புக் கஞ்சி கேட்டான்.

"உங்கள் பிரிவில் இன்னொருவரும் கேட்டால்தான் தர முடியும்," என்றது இயந்திரம்.

விடுதியில் காயல்பட்டினத்துக்காரர் இன்னொருவர் கிடையாது.

மறுநாள் அவனுடைய அறைத்தோழன் வர்சமே இயந்திரத்தின் முன் போய் நின்றான். சோமாலியாக்காரன், கதவு உயரம் இருப்பான்.

"காயல்பட்டினம்," என்றான்.

"முகமும் பெயரும் பொருந்தவில்லை. தாய்மொழியில் பேசுங்கள்."

முத்து தினமும் வீட்டுக்குப் பேசும்போது பக்கத்துக் கட்டிலில் கிடந்து கேட்ட ஒரே ஒரு வரிதான் வர்சமேக்குத் தமிழில் தெரியும்.

"உம்மா, நோம்பு தொறந்தாச்சா?"

இயந்திரம் அவனைக் காயல்பட்டினத்துக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. பிறகு இரண்டு கிண்ணம் கஞ்சி வந்தது. அதோடு வர்சமேயின் ஊர்ச் சம்பூசா நின்றுபோனது, அவன் தமிழனாகிவிட்டானே.

அன்று முத்து வீட்டுக்குப் பேசும்போது, வர்சமே கைபேசித் திரைக்குள் தலையை நீட்டி அதே வரியைச் சொன்னான்.

முத்துவின் உம்மா அது யாரென்று கேட்கவில்லை; மகனைக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டார்.

"தொறந்தாச்சு வாப்பா. ஒங்களுக்குக் கஞ்சியில இஞ்சி போட்டாங்களா?"